இருநூற்றுப் பதினான்காம் எண்ணும் உன் காதுகுத்தும்

மகனே,

இதை உன் அம்மாவிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லாதே. டெல்லியில் வளர்ந்த பிள்ளை, தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, ஒரு வாரம் ஆனாலும் நீயே படி. இதை எழுதும்போது உனக்குப் பதினொரு மாதம். போன ஞாயிற்றுக்கிழமைதான் உனக்குக் காது குத்தினோம். இடது காது இன்னும் சிவந்திருக்கிறது, தொட்டால் வீறிடுகிறாய். எனக்கு முப்பத்தொரு வயது. அறிவுரை சொல்லும் வயதும் இல்லை, அதற்கான பொறுமையும் இல்லை. ஆனால் நீ ஆளாவதற்குள் ஞாயிற்றுக்கிழமை நடந்தது வீட்டில் வேறு கதையாகிவிடும். உன் அப்பாவுக்கு முன்கோபம், பெரிய சபையில் மாமாவை அவமானப்படுத்திவிட்டார் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். முன்கோபம் உண்மைதான். மீதியை நான் சொல்கிறேன்.

உன் மாமா சுந்தர், உன் அம்மாவின் அண்ணன். மச்சான் ஆவதற்கு முன்னால் எனக்கு அவன் பக்கத்து சீட்டுக்காரன். உன் மாமாவை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. என் கைக்கு வரவில்லை, சிநேகிதனாக இருந்த காலத்து 'அவன்' என்றே எழுதுகிறேன். நேரு பிளேஸில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. நான் திருச்சியிலிருந்து வந்து மூன்று வாரம். இந்தியும் தெரியாது, டேட்டாபேஸும் அரைகுறை. சுந்தர் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து, மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். டீக்கடைக்காரரிடம் இந்தி, மேனேஜரிடம் ஆங்கிலம், என்னிடம் இரண்டும் கலந்த ஒரு தமிழ்.

எங்கள் சிநேகிதம் எப்படித் தொடங்கியது என்று சொல்ல, உனக்குக் கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும். ஸ்டோர்டு புரொசீஜர் என்றால் டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு பெயர் வைத்து எழுதி வைக்கிற கட்டளைகள். வெளியிலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உள்ளே வேலை நடக்கும். கூப்பிடும்போது அதற்குத் தேவையானதைக் கொடுக்கிறோம், ஒரு விண்ணப்ப எண் மாதிரி. அது திருப்பித் தர வேண்டியதை வாங்கிக்கொள்ள ஒரு பெட்டியையும் கூடவே நீட்டுகிறோம். அந்தப் பெட்டிக்குத்தான் அவுட்புட் பாராமீட்டர் என்று பெயர். இது அவுட்புட் என்று புரொசீஜரை எழுதுகிறவனும் எழுத வேண்டும், கூப்பிடுகிறவனும் கூப்பிடும் இடத்தில் இன்னொரு முறை எழுத வேண்டும். கூப்பிடுகிறவன் விட்டுவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. வேலை ஒழுங்காக நடந்து முடியும், பெட்டி மட்டும் காலியாகவே நிற்கும். நான் அந்த வார்த்தையை விட்டுவிட்டு ஒன்றரை நாள் முட்டிக்கொண்டிருந்தேன். சுந்தர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அரே பாய், குடுக்கறவனும் சொல்லணும், வாங்கறவனும் சொல்லணும். நீ கையையே நீட்டாம கிடைக்கல கிடைக்கலன்னு அழுதா எப்படி?"

அன்று சாயங்காலம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனான். வெண்டைக்காய் சாம்பார். உன் அம்மா பரிமாறிக்கொண்டே, "இவர்தானா அண்ணே, அந்த கை நீட்டாதவர்?" என்று கேட்டாள். ஒன்றரை வருடத்தில் கல்யாணம். பெண் பார்க்க வந்தவன் என்று என்னை அந்த வீட்டில் யாரும் நடத்தியதில்லை, சுந்தரோடு சேர்ந்து வந்தவன் என்றுதான். அவனை நான் எந்த அளவு நம்பினேன் என்று உனக்குப் புரிவதற்காக இதைச் சொல்கிறேன்.

இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்ற கலவரமெல்லாம் ஓய்ந்த பிறகு எங்களுக்கு ஒரு அரசு அலுவலகத்தின் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டு வேலை வந்தது. வீடு கேட்டு விண்ணப்பித்தவர்களைச் சீனியாரிட்டி எண்ணோடு பட்டியலிட்டு அச்சடிக்க வேண்டும். புரொசீஜர்களை சுந்தர் எழுதினான். அவற்றை ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வரிசையாகக் கூப்பிட்டுப் பட்டியல் போடும் புரோகிராம் என்னுடையது. விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால் சீனியாரிட்டி எண்ணைத் தர வேண்டிய புரொசீஜர் ஒன்று. அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. "நீ எண்ணைக் குடு மச்சான், உள்ளே என்ன பண்றேன்னு எனக்கு வேணாம்" என்றேன். அவசரம். எனக்கு எப்போதும் அவசரம்.

பெட்டியை நீட்டுகிறோம் என்றேன் அல்லவா. அது காலியாகத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நாங்கள் பயன்படுத்திய டேட்டாபேஸில், அதில் ஏற்கெனவே என்ன கிடக்கிறதோ அதோடுதான் அது உள்ளே போகும். புரொசீஜர் தேடியது கிடைத்தால் புது எண்ணை வைத்துத் தரும். கிடைக்காமல் போனால், முதல் வரியிலேயே பெட்டியைத் துடைத்துவிடுகிற மாதிரி எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் பழைய எண் அப்படியே திரும்பி வரும், இவருக்கு முன்னால் நின்றவருடைய எண். சுந்தர் அந்த முதல் வரியை எழுதவில்லை. நானும் ஒவ்வொரு முறை நீட்டுவதற்கு முன்னால் என் பக்கம் துடைத்து நீட்டியிருக்கலாம். கவனமான எந்தப் புரோகிராமரும் அதைச் செய்வான். நான் செய்யவில்லை. சோதனை போட்டுப் பார்த்த விண்ணப்பங்கள் எல்லாவற்றுக்கும் சீனியாரிட்டி எண் இருந்தது, அதனால் இரண்டு பேர் தப்பும் வெளியே தெரியவில்லை.

நிஜப் பட்டியலில் தெரிந்தது. இருநூற்றுப் பதினான்காம் எண் வேதமூர்த்தி என்ற ஒரு கிளார்க்குக்கு. அவருக்கு அடுத்த விண்ணப்பம் கல்கத்தாவிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவருடையது, சீனியாரிட்டி இன்னும் நிர்ணயம் ஆகாதது. அவருக்கும் இருநூற்றுப் பதினான்கு என்றே அச்சானது. பட்டியலைச் சரிபார்த்த அதிகாரி, ஒரே எண் இரண்டு முறை வந்திருக்கிறது, பின்னால் வந்ததுதான் திருத்தமாக இருக்கும் என்று நினைத்து முதல் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டார். இருநூற்று இருபது வரைக்கும் வீடு கிடைத்தது. கல்கத்தாக்காரர் சாமான்களோடு குடிவந்துவிட்டார்.

வேதமூர்த்தி சார் பட்டியலின் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கே வந்தார். தமிழ்ப் பையன் ஒருத்தன் இருக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுங்கறாங்க. அப்ப நான்தான் தப்பா?" என்றார். "பர்சாத்தியில இருக்கேன். மூணு மாடி. வீட்டுக்காரிக்கு ரெண்டு முட்டியும் போச்சு, எட்டு மாசமா கீழ இறங்கல. கிரவுண்டு ஃப்ளோர்னு போட்டிருந்தாங்க. நான் ரிட்டயர் ஆக இன்னும் ஒண்ணரை வருஷம்தான். அடுத்த லிஸ்ட் எப்ப வருமோ."

பர்சாத்தி என்றால் மொட்டைமாடி மேல் ஒற்றை அறை. அவர் போனதும் சுந்தருக்குப் போன் செய்தேன். அவன் அன்று வேறு கிளையண்ட் ஆபீசில் இருந்தான். "மச்சான், சீனியாரிட்டி நம்பர் கிடைக்கலைன்னா என்ன திருப்பித் தர்றே?"

"காலி பண்ணித்தான் தர்றேன் மாப்ளே. முதல் வரியே அதுதான். ஏன்?"

காரணத்தைச் சொன்னேன். "அச்சா அச்சா, காலையில பாக்கலாம்" என்றான்.

காலையில் மேனேஜர் அறையில் புரொசீஜரைத் திறந்தார்கள். முதல் வரி இருந்தது, பெட்டியைத் துடைக்கிற வரி. அதே விண்ணப்பங்களோடு பட்டியலை மறுபடி ஓட்டினார்கள், கல்கத்தாக்காரரின் இடம் காலியாக வந்தது. அப்படியானால் முதல் பட்டியலில் எப்படி வந்தது என்று மேனேஜர் கேட்டார். சுந்தர் என்னைப் பார்க்கவில்லை. சிரித்த முகமாக மேனேஜரிடம் சொன்னான்: "இவனுக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு சார். கூப்பிடற இடத்துல அவுட்புட்டை விட்டுடுவான். சேர்ந்த புதுசுலயே ஒன்றரை நாள் உக்காந்திருந்தான். ஏதாவது பழைய வெர்ஷனைப் போட்டு ஓட்டியிருப்பான்."

மேனேஜரும் சிரித்தார். நான் அந்த வார்த்தையை விட்டிருந்தால் ஒருவருக்குக்கூட எண் வந்திருக்காது, பட்டியல் முழுக்கக் காலியாக வந்திருக்கும், ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் பக்கத்து ஆளின் எண் வராது என்று கத்தினேன். கத்தியதால் யாரும் கேட்கவில்லை. சுந்தருக்கு அது தெரியும். நான் சொல்வது சரி என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தான்.

கம்பெனி அந்த அலுவலகத்துக்கு, உங்கள் பக்கம் தட்டச்சில் ஏதோ பிசகு, எங்கள் புரோகிராம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டது. என்னை அந்த வேலையிலிருந்து எடுத்தார்கள். நான் நான்கு மாதம் கழித்து ராஜினாமா செய்தேன். இதில் உனக்கு நான் வெட்கப்பட்டுச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்த நான்கு மாதமும் நான் என்னையே சந்தேகப்பட்டேன். உண்மையிலேயே பழைய வெர்ஷனை ஓட்டிவிட்டேனோ என்று. சுந்தரை ஒரு நாள்கூடச் சந்தேகப்படவில்லை. வேறு யார் எழுதிய புரொசீஜராக இருந்திருந்தாலும் அன்றைக்கே ஐந்து நிமிடத்தில் பார்த்திருப்பேன். ஒவ்வொரு புரொசீஜரும் எப்போது உருவாக்கப்பட்டது என்று டேட்டாபேஸ் தானாகவே குறித்து வைத்துக்கொள்கிறது. பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் புதுத் தேதி விழும். என் பொறுப்புகளை ஒப்படைக்கும்போது, யாரோ கேட்டார்கள் என்று, அந்தத் தேதிப் பட்டியலை எடுத்தேன். இருபத்திரண்டு புரொசீஜர்களுக்கு, வீட்டுப் பட்டியல் அச்சாவதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதி. ஒன்றுக்கு மட்டும் வேதமூர்த்தி சார் வந்து போன அதே நாள், சாயங்காலம் ஏழு பத்து. நான் போன் செய்து மூன்று மணி நேரத்துக்குப் பிறகு. அந்த டேட்டாபேஸின் பாஸ்வேர்டு எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அதற்குள் சுந்தர் அமெரிக்கா போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். நீ வயிற்றில் எட்டு மாதம். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அண்ணன் எங்கிட்ட சொல்லிச்சு" என்றாள்.

"எப்ப?"

"அன்னிக்கே. விசா பேப்பர் போயிருக்கு, இப்ப ஆபீஸ்ல பேர் கெட்டா லெட்டர் குடுக்க மாட்டாங்க, அங்க போனதும் மாப்ளைக்கிட்ட நானே சொல்லிடறேன்னுச்சு. நான் வெயிட் பண்ணேன். நீங்க..."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கதவை அறைந்துவிட்டு வெளியே போய் ஐ.என்.ஏ. மார்க்கெட் வரைக்கும் நடந்தேன். நான்கு மாதம், மகனே. நான் தினமும் சாப்பிடும்போது 'நான்தான் எங்கேயோ தப்பு பண்ணியிருக்கேன்' என்று புலம்பினேன். அவள் தினமும் அதைக் கேட்டுக்கொண்டு எனக்கு மோர் ஊற்றினாள். அண்ணன் செய்ததைவிட அந்த மோர்தான் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். ஒரு புரொசீஜர் வரிசை வரிசையாகத் தகவலும் தந்து அவுட்புட்டும் தருகிறது என்றால், வரிசைகளைக் கடைசிவரை படித்து முடித்த பிறகுதான் அவுட்புட் நம் கைக்கு வரும். பாதியில் பெட்டியைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. இது தெரிந்த தொழில்காரன் நான், அவளை 'நீங்க' என்ற சொல்லிலேயே நிறுத்திவிட்டுப் போனேன். அவள் கடைசியில் என்ன சொல்லியிருப்பாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு கேட்டபோது "மறந்துடுச்சு" என்றாள். நீ யாரையாவது கட்டிக்கொண்டால், கதவை அறைவதாக இருந்தாலும் அவள் பேசி முடித்த பிறகு அறை.

நீ பிறந்து சில வாரங்கள் கழித்து வேதமூர்த்தி சாரை அதே ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பார்த்தேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் நடைபாதையில் நின்றே சொன்னேன். தப்பில் பாதி எழுதினவனுடையது, பாதி என்னுடையது என்றேன்.

"பாதி பாதிங்கறீங்க. வீடு முழுசா இல்ல போச்சு" என்றார்.

அவரே வழியும் சொன்னார். அந்த அலுவலகத்தில் விசாரித்திருக்கிறார். புரோகிராமில்தான் பிழை என்று அதை எழுதினவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தால், அவருடைய முறையைத் திருப்பித் தந்து அடுத்துக் காலியாகும் கீழ்வீட்டை ஒதுக்க வாய்ப்பிருக்கிறதாம். நான் அன்று இரவுக்குள் எழுதிக் கொடுத்தேன். கம்பெனி, இவன் வேலையில் சரியில்லாமல் வெளியே போனவன், கோபத்தில் எழுதுகிறான் என்று சொன்னதும் அலுவலகம் அதை ஒதுக்கிவிட்டது. ஆக சுந்தர் எழுத வேண்டும். ஒரு பக்கம். அந்த வரி முதலில் இல்லை, பிறகு நான்தான் சேர்த்தேன் என்று.

அமெரிக்காவுக்குப் போன் செய்தேன். முதல் முறை "எழுதறேன் மாப்ளே" என்றான். இரண்டாம் முறை "வக்கீல்கிட்ட கேக்கணும்" என்றான். மூன்றாம் முறை கொஞ்சம் சூடாகவே பேசினான். "அந்த ஆளுக்காக என் லைஃபைக் கெடுத்துக்கணுமா? நீயும்தானே துடைக்காம நீட்டினே?"

"நீட்டினேன். எழுதியும் குடுத்துட்டேன். நீ எழுது."

அப்புறம் உன் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது. உனக்கு ஒரே தாய்மாமன். அவன் லீவு போட்டு வருகிறேன் என்றான். "வா. லெட்டரோட வா. லெட்டரைக் குடுத்துட்டு உக்காரு. இல்லைன்னா என் பிள்ளையை உன் மடியில வைக்க மாட்டேன்" என்றேன். பெண் வீட்டார் எல்லோரும் என்னிடம் பேசிப் பார்த்தார்கள். நல்ல காரியத்தில் ஆபீஸ் விவகாரத்தைக் கலக்கலாமா என்றார்கள். மூன்றாவது மாடியில் ஒரு அம்மாள் கீழே இறங்க முடியாமல் உட்கார்ந்திருப்பது ஆபீஸ் விவகாரம் இல்லை என்று எத்தனை முறை சொல்வது?

கோயில் மண்டபத்தில் எண்பது பேர். மொட்டை அடித்து, சந்தனம் பூசி, உன்னை உன் அம்மா தூக்கி வந்தாள். கரோல்பாகிலிருந்து வந்த ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, "மாமா யாருங்க? வந்து உக்காருங்க, குழந்தை தூங்கிடும்" என்றார். சுந்தர் பட்டு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மணைக்கு அருகே வந்தான். இளைத்திருந்தான். கையில் நகைக்கடைச் சிவப்புப் பெட்டி.

"லெட்டர்?" என்றேன்.

"மாப்ளே, இங்கயா?"

"இங்கதான்."

"குழந்தை விசேஷத்துல போயி... சப் லோக் தேக் ரஹே ஹைன்." எல்லோரும் பார்க்கிறார்களாம். "ஊருக்குப் போனதும் சத்தியமா அனுப்பறேன்."

உன் அம்மா என் சட்டை முதுகைப் பிடித்து இழுத்தாள். "ப்ளீஸ்ங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நான் உன்னை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். ஆசாரி தயங்கினார். "தகப்பன் மடியில வச்சுக் குத்தறது வழக்கமில்லைங்களே சார்."

"குத்துங்க."

குத்தினார். நீ போட்ட சத்தத்தில் எண்பது பேருடைய முணுமுணுப்பும் நின்றது. சுந்தர் படியருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அழுதான் என்றும் சொல்ல வேண்டும். அழுகையை நான் கடிதத்துக்குப் பதிலாக வாங்கிக்கொள்ளவில்லை.

இதனால் வேதமூர்த்தி சாருக்கு வீடு வந்துவிடவில்லை. அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறார், தஞ்சாவூர்ப் பக்கம் மகள் வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். அந்த அம்மாளை நாற்காலியில் வைத்து நான்கு பேர் மூன்று மாடியும் இறக்க வேண்டும். ஒருவனாக நானும் போகிறேன். உனக்கு நான் ஒரு மாமனை இல்லாமல் செய்திருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். அது என் கணக்கு, உன்னுடையது இல்லை. வளர்ந்ததும் அவனிடம் போக வேண்டும் என்று தோன்றினால் போ, என்னிடம் கேட்டுக்கொண்டு போகாதே. அவன் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். உன்னை நிஜமாகவே கொஞ்சுவான். ஏழு பத்துக்கு அவன் என்ன செய்தான் என்பது மட்டும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோபம் பிடித்தவன், முன்பே முடிவு கட்டிவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தான் என்று என்னைச் சொல்கிறார்கள். அப்படியில்லை. உன் காதில் இப்போது இருப்பது சுந்தர் கொண்டுவந்த கடுக்கன்தான். வேறு ஜோடி நாங்கள் வாங்கி வைக்கவில்லை. முந்தின நாள் சனிக்கிழமை உன் அம்மா கேட்டாள், "எதுக்கும் நாமளும் ஒரு ஜோடி வாங்கி வச்சுக்கலாமாங்க?" என்று. "வேண்டாம், உன் அண்ணன் கொண்டுவருவான்" என்றேன். கடுக்கனை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை.

அப்பா